சிவப்புக் கிளிப்

காபி நன்றாக இருக்கிறது சார். ஸ்டேஷன் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டது அந்தச் சிவப்புக் கிளிப்பைப் பற்றி. சொல்கிறேன். தைதை ஊரில் சட்டையில் அச்சடிக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சொன்ன நாளில் கொடுக்கிற கடை எது என்று கேட்டால் மட்டும் ஊரே எங்கள் கடையைக் காட்டும். அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது நான். படம் வரையும் அறையில் தொடங்கி, அச்சு, உலர்த்தும் அடுப்பு, பூத்தையல், மடிப்பு என்று எல்லாப் பகுதிக்கும் தலைக்கு மேலே ஒரே கம்பி ஓடுகிறது. ஆர்டர் வந்ததும் அதன் சீட்டைத் துணிக் கிளிப்பில் கவ்வவைத்துக் கம்பியில் மாட்டுவேன். ஒரு பகுதியில் வேலை முடிந்தால்தான் அடுத்த பகுதிக்குத் தள்ளுவேன். என்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. "கிரிசாந்தோ, அந்தக் கூடைப்பந்துப் பசங்க சட்டை எங்கப்பா நிக்குது?" என்று முதலாளியம்மா கேட்டால், அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்லிவிடுவேன்.

சிவப்புக் கிளிப் சாவுச் சட்டைக்கு. செத்தவர் முகம் போட்ட வெள்ளைச் சட்டையைக் குடும்பமே போட்டுக்கொண்டு கல்லறைக்கு நடப்பது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், அடக்கத்தைத் தள்ளிப்போட முடியுமா? அதனால் சிவப்பு வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிடும்.

தெல்ஃபின் உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொண்டான். தங்கமானவன். வாய்தான் கொஞ்சம் நீளம். "அண்ணே, நான் செத்தா என் சட்டையையும் நேரத்துக்குக் குடுத்துருவீங்கல்ல? இல்ல, வரிசையில நில்லுடான்னு சொல்லிருவீங்களா?" என்பான். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

லிகாயா என்ற பெண்ணின் மகள் காய்ச்சலில் போனாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது. அந்தச் சட்டைகள் அடுப்பில் காயாமலே மடிப்புக்குப் போய், மூட்டை கட்டி வெளியேறிவிட்டன. கல்லறையில் மழை பிடித்துக்கொண்டது. குழந்தையின் முகம் தாயின் மார்பில் கரைந்து ஓடியது. அந்தச் சட்டையோடுதான் லிகாயா கடைக்கு வந்தாள். கத்தவில்லை. "எம் பொண்ணோட கண்ணு ரெண்டும் போயிருச்சு. இதை யாரு பண்ணது?" என்று மட்டும் கேட்டாள். தெல்ஃபின்தான் கிளிப்பை முன்கூட்டியே தள்ளிவிட்டான் என்றேன். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிற தாய் முன்னால் வழக்குப் பேசுகிறவன் இல்லை அவன்.

அப்புறம் ஒரு நாள் பான்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான். "அண்ணே, பாப்பாவோட நாப்பதாம் நாள் பிரார்த்தனைக்கு அந்த வீட்டுக்குப் போகப்போறேன். நடந்ததை நடந்தபடி சொல்லணும். என்னால தூங்க முடியல. நீங்களும் வாங்கண்ணே, நீங்க சொன்னாத்தான் முறை. மன்னிச்சுருவாங்க." கோபமே இல்லை அவனிடம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் கடையில் இன்னொரு வழக்கம் உண்டு. மின் கம்பியில் யாராவது கை வைத்திருந்தால் மெயின் சுவிட்சின் பிடியில் மஞ்சள் கிளிப் கவ்வியிருக்கும். சூட்டு இஸ்திரி போடும் தெல்மா அக்கா சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். தன் கண்ணைவிடக் கிளிப்பை நம்புகிறவள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான், நான் பழக்கிவைத்தது. நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள், முந்தைய மாலையே எரிந்துபோன அடுப்பின் கம்பிச்சுருளை மாற்ற, தெல்ஃபின் மஞ்சள் கிளிப்பை மாட்டிவிட்டு உள்ளே கையை விட்டிருந்தான். நான் சுவிட்சைத் தாண்டி நடந்தேன். கிளிப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "அக்கா, அடுப்பு வேலை முடிஞ்சிருச்சு போல" என்றேன். அவள் பிடியைப் பார்த்தாள், சுவிட்சை மேலே தள்ளினாள்.

அன்று முதல் தெல்மா அக்கா சாப்பிடவில்லை. "நான்தான் அவனைக் கொன்னேன்" என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருக்கிறாள். அதுதான் என்னைத் தின்கிறது சார். பாவம், ஒரு பாவமும் அறியாதவள். அவள் கைகளைப் பிடித்து, நீ இல்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்த வாயால்தானே அவளை ஏவினேன்.

அவள்தான் உங்களிடம் சிவப்புக் கிளிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அன்று காலையில் கடை திறந்ததும், படம் வரையும் அறைக்கு மேலே தெல்ஃபின் பெயர் எழுதிய சீட்டு சிவப்புக் கிளிப்பில் தொங்கியது என்று. அவனுடைய வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாளாம். அவன் இறந்தது மத்தியானம். ஆமாம், எழுதியது நான்தான். யோசித்துச் செய்ததல்ல. ஒரு சாவுச் சட்டை வரப்போகிறது என்று தெரிந்தால் நல்ல படம் தேட வேண்டும், அளவு பார்க்க வேண்டும் என்று கை தானாகப் போகிறது. மாட்டிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்தேன். கழற்றத்தான் கையைத் தூக்கினேன். ஆனால் நான் மாட்டிய ஆர்டர் எதுவும் பாதியில் திரும்பியதில்லை சார்.

லிகாயாவின் மகள் சட்டையா? அந்தக் கிளிப்பைத் தள்ளியது நான். வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டது. தெல்ஃபின் "இன்னும் காயலண்ணே" என்று கூப்பிட்டான். காதில் விழுந்தது. அடுப்பு நின்ற இடத்திலிருந்து மடிப்புக்கு ஒரு தள்ளு, அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் கண்களைக் கரைத்தது நான். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளை தெல்ஃபினை எடுக்கிறார்கள். அவன் சட்டைகள் அச்சு முடிந்து அடுப்புக்குக் கீழே ஈரமாகக் கிடக்கின்றன. அடுப்புக்கு நீங்கள் சீல் வைத்துவிட்டீர்கள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. அவசரத்தில் யாராவது கிளிப்பைத் தள்ளிவிடுவார்கள், அவன் முகமும் கரைந்துவிடும். கொஞ்ச நேரம் என்னை விடுங்கள். இஸ்திரி போட்டாவது நானே காயவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். என் கையில் இதுவரை ஒரு சட்டைகூடத் தாமதமானதில்லை சார், அவனுக்கே அது தெரியும்.