பதினாலு கொலைகாரர்

கோவிக்காதேங்கோ பாதர், பொலிஸ்காரனுக்குத்தான் உங்கட குரல், கொலைகாரனுக்கில்லை. ஓம், வெளியில நிண்டு நீங்கள் கேட்டது என்ர வாயாலதான் வந்தது. பூசையில தொண்டையைச் செருமிப்போட்டு, அன்பான இறைமக்களே எண்டு தொடங்குவீங்களே, அதை அப்பிடியே எடுத்தனான். படத்தில அவன் பிணத்துக்குப் பக்கத்தில குந்தியிருந்து, அன்பான இறைமக்களே, ஆர் குத்தினது எண்டு கேக்க, அப்பாவுக்குச் சிரிச்சுப் புரைக்கேறிட்டுது.

இருங்கோ. இப்பதான் கண்ணயந்தவர், எழும்ப நீங்கள் கொண்டுவந்த நன்மை அப்பத்தைக் குடுக்கலாம். கோப்பி குடியுங்கோ.

பழைய பிரெஞ்சுப் படம். பெரிய டைரக்டராம், வயசுபோன காலத்தில எடுத்ததாம். எனக்கெண்டா அந்தாள் அரை நித்திரையில எடுத்த மாதிரிக் கிடக்கு. வீட்டுக்காரி பத்தாவது நிமிசத்தில செத்துப்போவா, மிச்சம் முழுக்க வைன் குடிச்சுக் குடிச்சுக் கதை. டிவிடி அட்டையில ரெண்டு பேர் கொஞ்சுகினம், காதல் படமெண்டு நினைச்சு அம்மா லைப்ரரியில தூக்கிக்கொண்டு வந்தது. திருப்பித் தரச்சொல்லிக் கடிதம் வருது. நான் குடுக்கேல்லை.

இங்க டென்மார்க்கில படத்துக்குக் கீழ டெனிஷ் எழுத்துத்தானே ஓடும். இருபத்தெட்டு வருசம் பண்டி இறைச்சி வெட்டுற தொழிற்சாலையில நிண்ட மனிசன், அந்த வேகத்துக்கு எப்ப வாசிச்சவர்? இப்ப சீனி வருத்தம் அப்பாட கண்ணையும் கொண்டுபோட்டுது. அதால எல்லாருக்கும் நான்தான் குரல். வேலைக்காரிக்கு மேல்வீட்டுத் தங்கமலர் அன்ரி. டொக்டருக்குத் தமிழ்க்கடை ரொஷான் அண்ணை, இழுத்து இழுத்து. படம் ஓடினால்தான் அப்பா சோத்துக்கு வாயைத் திறக்கிறார். ஜனவரியிலயிருந்து எட்டுக் கிலோ இறங்கினவர், இப்ப ரெண்டு ஏறியிருக்கெண்டு நேர்ஸ் சொன்னவ.

மூண்டு கிழமையில பதினாலு தரம், பாதர். டொக்டர்தான் கொலைகாரனெண்டு முதல்நாளே பிடிச்சிட்டார். சும்மா பகிடிக்கு அடுத்தநாள் ஆளை மாத்தினன். தோட்டக்காரன், மச்சாள், தபால்காரன்... அதுக்குப் பிறகு ஒருநாளும் அப்பா வெல்லேல்லை. சரி, ஒருக்கா, ஒரேயொருக்கா, பொலிஸ்காரனே குத்தினவர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

பகிடியாத்தான் தொடங்கினது. இப்ப தாடை உளையுது. நான் பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்துக் கழட்ட முதல், யூலி, படத்தைப் போடன் எண்டுறார்.

இப்ப படுக்க முதல் என்ன கேட்டவர் தெரியுமோ? கொலைகாரனை விடு பிள்ளை, பின்னேரம் அவ சாகாமல் ஒருக்காப் போடு எண்டார்.

ஆரோ? அந்த வீட்டுக்காரிதான். அவவுக்கு அம்மாட குரலெல்லே குடுக்கிறனான். ஜனவரியில அம்மாட அடக்கப்பூசை முடிஞ்சதுக்குப் பிறகு அப்பா ஒண்டும் சாப்பிடேல்லை, உங்களுக்குத் தெரியும். படம் போட்ட முதல்நாள் அந்தக் குரல் யோசிக்காமல் வாயில வந்திட்டுது. அவர் வாயைத் திறந்தார், நான் சோத்தை வைச்சன்.

அவ சாகாட்டி இன்னும் ஒண்டரை மணித்தியாலம் இருக்கு, பாதர். அவ்வளவு நேரம் அம்மா என்ன கதைப்பா? வீட்டில நான் எப்பவும் காதில ஹெட்போன். நான் கேட்டு வைச்சது முழுக்க அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள முடிஞ்சிடும். நீங்கள் அவவோட கனக்கக் கதைச்சனீங்கள்தானே, ஏதும் சொல்லித் தாங்கோவன்.

அப்பா எழும்பிட்டார் போல. இருந்து பாத்திட்டுப் போங்கோ. இண்டைக்குப் பொலிஸ்காரனுக்கு வேலையில்லை.