வாசலில் ஒரு ஆள்

ஏட்டி சன்னலு, செத்த பொறு. உன்னோடு பேசத்தான் இந்த மேடைக்கே வந்தேன். ஆனாலும் மேடை என்று ஒன்று இருக்கிறது, மேடைக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறது. அதை முடித்துவிட்டு வாரேன்.

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, தலைமை உரையைச் சுருக்கமாக முடித்து, எல்லோருடைய வாழ்த்தையும் சம்பாதித்துக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி அவர்களே. என் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் என்னை அழைத்துவிட்ட கல்லூரி ஆசிரியை, தங்கை பிளஸ்ஸி அவர்களே. கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே. கடையைப் பூட்டாமல் வீட்டுக்காரரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு மட்டும் இரட்டை வணக்கம். கிருஷ்ணன்கோவிலிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வந்து, எப்போது சாப்பாடு என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே. ராஜபாளையத்திலிருந்தும் சேத்தூரிலிருந்தும், இந்த மடவார் வளாகத்திலிருந்தும் திரண்டு வந்து, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் என் சனங்களே. அத்தனை பேருக்கும் இந்த வெள்ளத்தாயின் வணக்கம்.

தொழிலிலும் வாழ்விலும் மன உறுதி. இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கொடுக்கும்போதே பிளஸ்ஸி ஒரு நிபந்தனையும் வைத்தார். "அக்கா, ஜெயில்ங்கிற வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. வாழ்க்கைப் பள்ளின்னு சொல்லுங்க, நாகரிகமா இருக்கும்" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பள்ளியில் தாயி, சாயங்காலமானால் தலையை எண்ணி உள்ளே விட்டு வெளியே பூட்டுகிறார்கள்? என்ன பிள்ளைகளா? ஹாஸ்டலா? சரி, அனுபவித்தவர்கள் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள். நான் இருந்தது மதுரை ஜெயில். சேத்தூரில் வாய்க்கால் தண்ணீர் முதலில் யார் வயலுக்கு என்று ஒரு சண்டை. என் கையில் மண்வெட்டி இருந்தது. பக்கத்தில் என் கொழுந்தனார் தலை இருந்தது. மீதிக் கதையை நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டார், நீங்கள் இன்னொருமுறை கேட்க வேண்டியதில்லை. கொழுந்தனார் பிழைத்துக்கொண்டார், நான் உள்ளே போனேன். யார் அது பின்னால், இப்போது கையில் என்ன இருக்கிறது என்று கேட்பது? மைக் மட்டும்தான் இருக்கிறது அண்ணாச்சி, பயப்படாமல் உட்காருங்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொட்டடிக்குப் புதிதாக வருகிறவளுக்குக் கக்கூஸை ஒட்டித்தான் இடம். பழையவள் ஒருத்தி விடுதலையானால் மற்றவர்கள் ஒரு பாய் தள்ளிப் படுப்பார்கள். அப்படித் தள்ளித் தள்ளி, வருஷக்கணக்கில் தவம் கிடந்தால்தான் ஜன்னலோரம் வாய்க்கும். நான் போன அன்று அந்த ஜன்னலோரம் தேவஇரக்கம் இருந்தாள். இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிதான். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஏட்டி, நீ அங்கன போய் உக்காரு."

"அது உங்க இடமாச்சேக்கா?"

"புதுசா வந்தவளுக்குத்தான் மூச்சு முட்டும். எனக்கு மூக்கு செத்துப்போச்சு. போ."

ஜன்னலில் என்ன தெரிந்தது என்கிறீர்கள்? ஒரு மதில். மதிலுக்கு மேலே ஒரு வேப்பங்கிளையின் நுனி. அம்புட்டுத்தான். ஆனால் அந்த நுனி ஆடியது. அது ஆடினால் வெளியே காற்று அடிக்கிறது என்று அர்த்தம். வெளியே காற்று அடித்தால், வெளியே என்று ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். எனக்குப் பிறகு வந்தவளுக்கும் அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தாள். அவளுக்குப் பிறகு வந்தவளுக்கும் கொடுத்தாள். கொடுத்துக் கொடுத்துக் கடைசிவரை கக்கூஸ் பக்கமே படுத்தவளுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் சன்னலு.

அவள் என்ன குற்றம் செய்தாள்? வீடு வீடாகப் போய்ச் சீட்டுப் பணம் வாங்கினாள். சீட்டை நடத்தியவள் முனீஸ்வரி என்று ஒருத்தி. ஒருநாள் முனீஸ்வரி ஊரை விட்டே ஓடிவிட்டாள். வாங்கிய கை இவள் கை, வழக்கும் இவள் மேல். முனீஸ்வரி பெயரைக் கேட்டதும் இந்தச் சபையில் சில முகங்கள் கறுக்கின்றன. எனக்குத் தெரிகிறது. அந்த இடத்துக்கும் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கொட்டடியில் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. "பூட்டுன பொறவு கேஸ் பேச்சு கிடையாது." பகலெல்லாம் அழு, ஒப்பாரி வை, வக்கீலைத் திட்டு. பூட்டிய பிறகு வாயைத் திறந்தால் சிரிப்பதற்குத்தான் திறக்க வேண்டும். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் எங்கள் மெஸ்ஸில் இன்றைக்கும் அதே சட்டம்தான். ஷட்டரை இறக்கிய பிறகு நட்டத்தைப் பேசக் கூடாது. பால் திரிந்ததா, மாவு புளித்ததா, வாடிக்கைக்காரர் முகத்தைச் சுளித்தாரா, எல்லாம் ஷட்டருக்கு வெளியே. வியாபாரப் பெருமக்களே, நீங்கள் நட்டத்தை எங்கே வைக்கிறீர்கள்? தலையணைக்குக் கீழே வைக்கிறீர்கள். அப்புறம் எங்கிருந்து தூக்கம் வரும்? சங்கரலிங்கம் அண்ணாச்சி தலையாட்டுகிறார். பாவம்.

எனக்கு முன்னால் விடுதலையானவள் அவள். என் முறை வந்த நாளில் வெளியே வந்து பார்க்கிறேன். புருஷன் வீட்டில் யாரும் இல்லை. பிறந்த வீட்டிலும் இல்லை. வாசலுக்கு எதிரே, மரத்தடியில், மஞ்சள் பையோடு சன்னலு நிற்கிறாள். அவள் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

"என்ன சாப்பிடுத?"

தட்டில் விழுந்ததைத் தின்று தின்று, எனக்கு என்ன வேண்டும் என்பதே மறந்து போயிருந்தது. "எதுனாலும் சரிக்கா" என்றேன்.

"எதுனாலும் சரின்னு அங்க சொல்லு. இங்க பேரு சொல்லணும். நீ சொல்லுற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

வெயில் ஏற ஏற இரண்டு பேரும் நின்றோம். கடைசியில் பரோட்டா என்றேன். காலை நேரத்தில் எந்தக் கடையில் பரோட்டா? மதுரையையே ஒரு சுற்றுச் சுற்றினோம். கிடைத்தபோது மத்தியானம். அந்தப் பரோட்டாவின் ருசியைச் சொல்ல இந்த மூன்றாம் வகுப்புத் தமிழ் போதாது.

ராஜபாளையத்தில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்தோம். முதல் நாள் காலையில் எழுந்து, பாயைச் சுருட்டி, வரிசையாக உட்கார்ந்துகொண்டோம். நேரம் போகிறது. வெயில் உள்ளே வருகிறது. நாங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பால்காரர் வந்து தட்டினார். "ஏம்மா, எம்புட்டு நேரம் கூப்பிடுறது? உள்ளதான இருக்கீய, கதவைத் திறக்கக் கூடாதா?" அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருந்தது. யாரோ வந்து திறப்பார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பே அணைந்தது.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்து உங்களை நீங்களே கேளுங்கள். கடன் கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறாயே தங்கச்சி, உன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? மாமியார் விடமாட்டார் என்று காத்திருக்கிறாயே மகளே, உன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? ஊர் என்ன சொல்லும், உறவு என்ன சொல்லும் என்று உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறப்பே, ஒருமுறை எழுந்து போய்த் தொட்டுத்தான் பாரேன், தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

எங்கள் முதல் வியாபாரம் ஒரு வீட்டு விசேஷம். வீட்டுக்காரர்களும் நாலைந்து விருந்தாளிகளும்தான். எங்களுக்குச் சமையல் தெரியும், ஜெயில் சமையலறையில் கற்றது. ஆனால் அங்கே கற்ற அளவு ஒரே அளவு. குண்டான் குண்டானாகச் சாம்பார் கொதித்து முடிந்த பிறகுதான், கரண்டியைப் பிடித்தபடி சன்னலு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்த வீட்ல எத்தனை பேரு?"

"ஒரு பத்துப் பேருக்கா."

"நாம ஒரு ஜெயிலுக்கே ஆக்கி வச்சிருக்கோமட்டி."

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஒரு மூன்று சக்கர வண்டியைப் பிடித்தாள். விசேஷ வீட்டுக்குக் கொடுத்தது போக மீதியை ஏற்றி, ஷிப்ட் விடும் நேரத்துக்கு மில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பசித்து வந்த பிள்ளைகள் குண்டானை வழித்துத் தின்றுவிட்டு, "நாளைக்கும் வருவீயளாக்கா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எங்கள் மெஸ்ஸுக்குக் கால்கோள் விழா. அந்தப் பிழைதான் எங்கள் பிழைப்பு.

பிழைப்பு நிமிர்ந்ததும் அவள் ஒரு வேலையைத் தொடங்கினாள். யாரும் இல்லாத பெண் விடுதலையாகிறாள் என்று தகவல் வந்தால் போதும், முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய்விடுவாள். "வாசல்ல ஒரு ஆள் நிக்கணும்டி. அம்புட்டுத்தான். நின்னுட்டா பாதி சரியாயிரும்" என்பாள். எல்லோரிடமும் அதே கேள்வி, என்ன சாப்பிடுத. ஒருத்தி ஐஸ்க்ரீம் கேட்டாள். ஒருத்தி பழைய சோறு கேட்டாள், அவள் வாய் அப்படி. வந்தவளுக்கு முதல் நாள் மெஸ்ஸில் வேலை கிடையாது, ஃபேனுக்குக் கீழே நாற்காலி. அடுப்புப் பக்கம் பழையவர்கள். புதிதாக வந்தவளுக்கு நல்ல இடம் கொடுத்துப் பாருங்கள் முதலாளிமார்களே, அவள் உங்கள் கடையை விட்டுப் போகவே மாட்டாள். என் மெஸ்ஸில் யாரும் போகவில்லை.

போனவள் சன்னலு ஒருத்திதான்.

இந்தச் சித்திரையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு மில் பிள்ளைகள் ஷிப்ட் உடுப்போடு, கையில் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். அழாதீர்கள் அம்மா. பூட்டிய பிறகு அழக் கூடாது என்பது அவள் சட்டம்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

போன மாதம், எங்களோடு அதே கொட்டடியில் இருந்த கருத்தம்மா விடுதலையானாள். முதல்முறையாக நான் தனியாக வாசலில் போய் நின்றேன். சன்னலு போய்விட்டாள் என்பதைப் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னேன். நெடுநேரம் அழுதுவிட்டு, உள்ளேயிருந்து கொண்டுவந்த ஒரு சேதியைச் சொன்னாள்.

முனீஸ்வரி உள்ளே இருக்கிறாள். ஓடியவளைப் பிடித்தது பேப்பரில் வந்ததுதான், ஆனால் நாங்கள் வந்த பிறகு அதே ஜெயிலில் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுக்கும் தண்டனை முடிகிறது. அவளுக்கும் யாரும் இல்லை. "சன்னலக்கா எல்லாருக்கும் வாசல்ல வந்து நிப்பாவளாமே, எனக்கு வருவாவளா? அவிய காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். சன்னலு செத்தது அவளுக்குத் தெரியாது.

விடுதலை நாளைக் காலையில்.

என் மெஸ்ஸே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. "அவளால எம்புட்டுக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு. அவளுக்கு வாசல் ஒரு கேடா?" என்று கரண்டியை வீசினாள் ஒருத்தி. "அப்ப எனக்கு மட்டும் எதுக்கு வந்தீய? நான் என்ன கோயில் கட்டிட்டா உள்ள போனேன்?" என்றாள் கருத்தம்மா.

என்னம்மா, எழுந்து நிற்கிறீர்கள்? சொல்லுங்கள். "அந்தச் சீட்டுல என் மக கல்யாணத்துக்குச் சேத்தது போச்சு. நீ அவளைக் கூட்டிட்டு வந்தா, உன் கடையில நான் கை நனைக்க மாட்டேன்." சரி தாயி. உங்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது நியாயமான கோபம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவள் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதை எங்கிருந்து கொடுப்பாள்? மறுபடி ஓடினால் கொடுப்பாளா? ஒரு இடத்தில் உட்கார்ந்து உழைத்தால் கொடுப்பாளா? நான் அவளைக் கல்லாவில் உட்கார வைக்கப் போவதில்லை அம்மா. வெங்காயம் உரிக்க உட்கார வைக்கப் போகிறேன். அவள் அழுதாலும் யாருக்கும் தெரியாது.

சிரித்துவிட்டீர்கள். கை நனைக்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து ஒரு காபி குடியுங்கள்.

சபையோரே, மேடை ஏறும்வரை நான் முடிவெடுக்கவில்லை. உங்களுக்குச் சொல்லச் சொல்ல என் காதிலும் அது விழுந்துகொண்டே இருந்தது. நல்லவளுக்கு மட்டும் நிற்பதற்கு வாசல் எதற்கு? நல்லவளுக்குத்தான் வீடு இருக்கிறதே, வீட்டில் ஆள் இருக்கிறதே. நமக்குப் பிடித்தவளுக்கு மட்டும் நிற்பதென்றால் அதற்கு ஜெயில் வாசல் எதற்கு, பஸ் ஸ்டாண்டு போதுமே. விழுந்தவர்கள் எழுவதைத்தான் மன உறுதி என்கிறீர்கள். எழுகிறவள் கண் திறந்ததும் முதலில் ஒரு முகம் தெரிய வேண்டாமா? திட்டுகிற முகமாகவாவது ஒரு முகம் தெரிய வேண்டாமா? நான் போகிறேன். நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். தனியாக இல்லை, கரண்டியை வீசியவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே வழக்குத் தொடுத்த தாய்மார்களுக்கும், கடைசிவரை கைதட்டியே என்னை ஏற்றிவிட்ட பிள்ளைகளுக்கும், ஜெயில் என்று நான் சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்ட தங்கை பிளஸ்ஸிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. சாப்பாடு எங்கள் மெஸ்ஸுடையது, அளவு பழைய அளவுதான், வெட்கப்படாமல் சாப்பிடுங்கள். எல்லோரும் நல்லா இருங்க. வணக்கம்.

மைக்கை அணைக்காதே தம்பி, ஒரு நிமிஷம்.

ஏட்டி சன்னலு. முனீஸ்வரி பிடிபட்டாள் என்று பேப்பரில் பார்த்த அன்றைக்கு நான் உன்னிடம் கேட்டேன். "அவ முன்னால வந்து நின்னா என்னக்கா செய்வே?" அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்தாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாளைக்கு அவ வெளிய வந்து, என் பின்னால உன்னைத்தான் தேடுவா. நீ இல்லன்னு சொல்லிருவேன். என்ன சாப்பிடுதன்னும் கேட்டுருவேன். பொறவு அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேப்பா. அதுக்கு நான் பொய் சொல்லக் கூடாது பாரு, அதான் கேக்கேன். நீ அவளை மன்னிச்சிட்டுத்தான் போனியா, இல்ல அந்தக் கோவத்தையும் கையோட கொண்டு போயிட்டியா?