ஒடோங்கோவுக்கு ஒரு கோப்பைச் சுண்டல்

பாமா: இஞ்சேருங்கோ, அந்தக் கவிதைப் புத்தகத்தை வைச்சிட்டு வாசலைப் பாருங்கோவன். ஒடோங்கோ பத்தரை ரயிலிலை வாறதெண்டவன்.

யோகேஸ்வரன்: ஹோம்புஷ் ஸ்டேஷன் அவனுக்குத் தெரியாததே? மூண்டு வருஷம் இந்த வீட்டிலை எங்களோடை இருந்தவன்.

பாமா: போய் ஐஞ்சு வருஷமாச்சு...

யோகேஸ்வரன்: கென்யாவிலை இருந்து பயிர்ச்செய்கை படிக்க வந்தவன், கவிஞனாய்த் திரும்பிப் போனான்.

பாமா: வரேக்கையே கவிஞன்தான். விதைக் கவரிலை முன்பக்கம் நம்பர், பின்பக்கம் கவிதை.

யோகேஸ்வரன்: குசினிக் கதிரையிலை இருந்து முதல் உனக்குத்தானே வாசிப்பான்.

பாமா: எனக்கு அரைவாசி விளங்காது. வெங்காயம் உரிச்சுக்கொண்டு ‘குட், குட்’ எண்டுவன். என்ர கண்ணீரெல்லாம் கவிதைக்கு எண்டு நினைச்சான், பாவம்.

யோகேஸ்வரன்: என்ன சந்தோஷமான காலமப்பா அது! இப்பவும் காலமை கௌபிப் பயற்றுத் தோட்டம், பின்னேரம் கவிதையாம். அதுசரி, கௌபிச் சுண்டல் அவிச்சனியே?

பாமா: இல்லை.

யோகேஸ்வரன்: ஏன்? எழுபத்துமூண்டாம் ஆண்டு சரஸ்வதி பூசைக்கு நீ அவிச்சதைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவனெல்லே—

பாமா: அந்தக் கதையை விடுங்கோ!

யோகேஸ்வரன்: என்ன, அழுறியே? இப்ப வெங்காயமும் இல்லை...

பாமா: அவன்ர விதைக் கௌபியை எலி திண்டதெண்டு சொன்னானெல்லே...

யோகேஸ்வரன்: ஓம். இரண்டு வருஷமாய்ப் பொறுக்கி எடுத்த விதை. அதாலைதானே ஒரு வருஷம் கூட இருந்தவன். ஊரிலை அவன்ர மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினதைக் கடிதத்திலை வாசிச்சவன். இஞ்சை, அவன்ர புத்தகத்திலை இந்தப் பக்கத்திலை இருக்கிற கவிதை அதுதான்.

பாமா: எலியில்லையப்பா. நான்.

யோகேஸ்வரன்: என்ன?

பாமா: அலுமாரியிலை ஒரு பை கௌபியைக் கண்டன். பூசைக்கு நீங்கள் வாங்கினதெண்டு நினைச்சு ஒரு பிடியைக் கும்பத்தடி மண்ணிலை முளைக்கப் போட்டன். மிச்சத்தை... அவிச்சுப்போட்டன்.

யோகேஸ்வரன்: ஐயோ பாமா!

பாமா: அவன் ஒரு வாய் வைச்சான். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு, ‘இன்னும் ஒரு கோப்பை தாங்கோ அக்கா’ எண்டான். அடுத்த நாள்தான் அந்த எலிக் கதை... ஆறு வருஷமாய் நான் வாய் திறக்கேல்லை. இண்டைக்குச் சொல்லி மன்னிப்புக் கேக்கவேணும். எந்த முகத்தோடை கேக்கிறது?

யோகேஸ்வரன்: கொஞ்சம் பொறு. கும்பத்தடியிலை ஒரு பிடி போட்டனி எண்டியே?

பாமா: அதையும்தான் பூசை முடிய நீங்கள் மண்ணோடை கொண்டுபோய் ஆத்திலை கரைச்சிட்டியளே. ஒரு மணிகூட மிஞ்சேல்லை.

யோகேஸ்வரன்: ஆத்திலையோ...

பாமா: ஏன் முழுசுறியள்? ஐயோ, பெல் அடிக்குது. அவன்தான்! நான் குசினிக்குள்ளை போறன்...

யோகேஸ்வரன்: நில் பாமா. நான் ஆத்துக்குப் போகேல்லை. அண்டைக்கு மழை... கும்பத்து மண்ணைப் பின்வேலியடியிலை கொட்டிப்போட்டு, கரைச்சாச்செண்டு உனக்குப் பொய் சொன்னனான். மாசி மாசம் பார்த்தால் வேலி முழுக்கக் காய். ஒடோங்கோ ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, ‘எலி நட்டிருக்குது அண்ணை, அக்காவுக்குச் சொல்லாதேங்கோ’ எண்டான். நானும் நம்பினன். ஒரு மணி விடாமல் பொறுக்கினவன். இப்ப அங்கை அவன்ர தோட்டத்திலை நிக்கிறது உன்ர கும்பத்துக் கௌபி. போ, நீயே கதவைத் திற.