மரிம்பா வகுப்போடு விடைபெறும் ஒத்திலியா சாக்கிம் அவர்களுக்கு

ஷெலா நகர இசைக் கல்லூரியின் எழிலே! ஏழு இணைக் கைகளுக்கு ஒரே மூச்சை ஊட்டிய எங்கள் இசையரசியே! மரச்சட்டங்களைக் கோலால் அடித்து இசைக்கும் மரிம்பாவின் அறையிசை வகுப்பை முப்பத்தோராண்டு தனியொருவராய்த் தாங்கி நின்ற தகைமையே! வணக்கம்.

பனி இறங்கும் மலைக் காலைகளில் பலருக்கும் முன்பாக வந்து, மரிம்பாவின் சட்டங்களுக்குக் கீழே தொங்கும் மரக்கூடுகளில் தேன்மெழுகால் ஒட்டிய பன்றிக்குடல் சவ்வுகளை ஒவ்வொன்றாய் விரலால் தொட்டுப் பார்த்த பெருந்தகையே! ஈரம் பட்டுச் சவ்வு தளர்ந்தால் ரீங்காரம் செத்துவிடும் என்பீர்கள். வியாழக்கிழமை ஒத்திகைக்கு, உருளைக்கிழங்கு மாவை இலையில் பொதிந்து அவித்த சூடான பாச்சே இல்லாமல் தாங்கள் வந்ததில்லை. தாளம் தவறியவனுக்குத்தான் முதல் பொதி, திட்டு அதற்கப்புறம். உடன் கற்பித்த எங்கள் வகுப்புகளில் எவரும் இப்படிப் பசியாறியதில்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு படித்ததுமில்லை.

பெரிய மரிம்பாவில் நால்வர், சிறியதில் மூவர் என்று தோளோடு தோள் உரச நிற்கும் அந்த எழுவருக்குத் தாங்கள் முதலில் கற்பித்தது பாட்டையல்ல. பக்கத்தில் நிற்பவன் வராமல் போனால் அவன் பங்கையும் எட்டி அடித்துக்கொள்வதைத்தான் கற்பித்தீர்கள். திருவிழாக்களில் நம் கலைஞர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் அது. அதைக் கல்லூரிப் பாடமாக்கியவர் தாங்கள். அந்தப் பாடமே, அம்மா, நம் குடியைக் கெடுத்தது.

சென்ற மாதம் தலைநகரிலிருந்து ஆய்வுக்குழு வந்த அன்று, மலைப்பாதையில் மண் சரிந்து மூன்று மாணவர்களின் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது. மற்ற நால்வரும் தங்கள் பங்கை மட்டும் வாசிக்கட்டும், ஓட்டை காதில் விழட்டும், அப்போதுதான் ஏழு பேரின் அருமை தெரியும் என்று கிட்டார் ஆசிரியர் அனாக்லேத்தோ தங்களிடம் கெஞ்சினார். தாங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"கேக்க வந்தவங்களுக்கு ஓட்டைப் பாட்டை வாசிச்சுக் காட்டவா தம்பி நான் இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தேன்? நகரு, பசங்க கைய சூடு பண்ணட்டும்."

நால்வரும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, இரு கைகளிலும் இரட்டைக் கோல் பிடித்து, எழுவரின் இசையை ஒரு சுரமும் சிந்தாமல் வாசித்தார்கள். அப்படியொரு வாசிப்பை இக்கல்லூரி கேட்டதில்லை. குழுவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டிய சூடு ஆறுமுன் அறிக்கையும் எழுதினார்கள்: இந்த இசைக்கு நால்வர் போதும், ஐவருக்குக் குறைந்த வகுப்புக்குத் தனி ஆசிரியர் வேண்டாம், இவர் ஓய்வுபெற்றதும் வகுப்பை மூடிவிடலாம்.

அறிக்கையைப் படித்துவிட்டுத் தாங்கள் கேட்டது ஒன்றுதான்.

"நல்லாத்தானே வாசிச்சாங்க?"

இரண்டு முறை கேட்டீர்கள். திங்கட்கிழமை முதல் மரிம்பா அறை கணினிகளுக்கு. எழுவரில் இருவர் படிப்பையே விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வகுப்பில், ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்து நிறுத்த இனி இங்கே எவருமில்லை.

நூறாண்டு வாழ்க, நோயின்றி வாழ்க, மூட்டுவலி தீர்ந்து முகம் மலர்ந்து வாழ்க என்று வாழ்த்துகிறோம். நெஞ்சாரத்தான் வாழ்த்துகிறோம், ஆனால் அந்த நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இம்மடலைச் சட்டமிட்டுத் தங்கள் சுவரில் மாட்டினால், நாள்தோறும் தாங்கள் ஒரு பொய்யைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அறிக்கையை ஏற்பதா என்று கேட்ட கூட்டத்தில், தாங்கள் தேர்வறையில் காவலிருந்த நேரத்தில், மறுப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் முதல்வர். மறுத்தால் அடுத்து மூடப்படுமோ என்று அவரவர் வகுப்பு அவரவர் கண்முன் வந்தது. ஒரு கையும் எழவில்லை, அனாக்லேத்தோவின் கையும்கூட.

அன்போடும் அவமானத்தோடும் ஒப்பமிடுவோர்,
அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த பதினொரு ஆசிரியர்கள்.