நவாப் கத்துக்கின பேரம்

— காலங்காத்தால நாய்க்கு வக்காலத்து வாங்க வந்துட்டே. உக்காரு அந்தோணி. அர்ஜுனன் பட்டுக் கடையில பொடவை விக்கறதில்ல, நாய் கேசு நடக்குதுன்னு ஊரு சிரிக்கட்டும்.

— ஊரு நேத்தே சிரிச்சு முடிச்சிட்டுது மொதலாளி. நான் வந்தது வேற விஷயம். நவாப்பை வாலாஜாபாத்துக்கு அனுப்பறீங்களாமே, நெசமா?

— பத்து மணிக்கு அரிசி மில்லு லாரி வருது. ஆறு மாசமா எந்த வாயால என் அல்சேஷன், என் அல்சேஷன்னு பீத்திக்கினு திரிஞ்சேனோ, அந்த வாயாலயே மில்லுக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன். மில்லுல எலி இருக்குது, திருடன் இருக்கான். கட்டிப் போட்டா கொரைக்கும். அதும் தெறமை அவ்ளோதான்.

— அந்த மில்லு நாயிங்களை நான் பார்த்திருக்கேன். ரெண்டு முழம் சங்கிலி. மழையோ வெயிலோ, தவுட்டு மூட்டை பக்கத்துலயே கெடக்கணும். போன வருஷம் இருந்த நாயி சங்கிலியோடவே செத்துது. சாயங்காலம் சோறு வெக்கப் போனப்போதான் தெரிஞ்சுதாம்.

— நீ மிலிட்டரில நாய் பழக்கினவன், இப்ப இதைப் பழக்கறவன், உனக்குக் கண்ணு கலங்கும். நான் வியாபாரி. விக்காத சரக்கை அலமாரில வெச்சு அழகு பார்க்க மாட்டேன். பெட்ரோல் விக்கற வெலையில டாக்ஸி வெச்சு, மெட்ராஸுல நாய்ப் போட்டிக்குக் கூட்டிக்கினு போனேன். அத்தினி பேரு எதிர்ல என் மானத்தை வாங்கிச்சே, எதுக்கு வாங்கிச்சு? சொல்லு பார்ப்போம்.

— சொல்லத்தான் வந்தேன். வட்டத்துக்குள்ள இன்னா நடந்துதுன்னு நீங்களே மொதல்ல சொல்லுங்க. நான் கயித்துக்கு இந்தாண்ட நின்னேன், பாதிதான் காதுல விழுந்துது.

— இன்னாத்த சொல்ல. தொப்பி போட்ட பெரியவரு ஒருத்தரு, அவருதான் ஜட்ஜு, உங்க நாயை உக்கார வைங்கன்னாரு. நானும் மரியாதையா, நவாப், உக்காருன்னேன். இது என்னைப் பார்க்குது. உக்காருபான்னேன். கொட்டாவி விடுது. மூக்கை நக்குது. புல்லை மோந்து பார்க்குது, அங்க இதும் பாட்டன் எலும்பு பொதைச்சு வெச்சாப்போல. உக்கார்றியா இல்லியாடான்னு கத்தினப்புறம் உக்காந்துது. அதுக்குள்ள பெரியவரு பேப்பர்ல கோடு கிழிச்சுட்டாரு. ஒரு தபாவுக்கு மேல சொன்னா மார்க்கு கெடையாதாம். நடக்கச் சொன்னப்பவும் அதே கதை, கூப்புட்டப்பவும் அதே கதை. கூட்டம் சிரிச்சுது. இது வாலைக் காலுக்குள்ள சொருவிக்கிச்சு.

— கப்பு யாருக்குப் போச்சு?

— தெரியாத மாதிரி கேக்கறே பாரு. எதுத்த கடை சீனிவாசனுக்கு. அவன் வீட்டு பொமரேனியன், பவுடர் போட்ட பூனைக்குட்டி கணக்கா இருக்குது, அதுக்கு ரெண்டாவது பரிசுக் கப்பு. காலைல கடை தொறந்ததும் கப்பைக் கண்ணாடி அலமாரில, முகூர்த்தப் பொடவை பக்கத்துல வெச்சுட்டான். வர்ற கல்யாணப் பார்ட்டி மொதல்ல கப்பைப் பார்க்குது, அப்பால பொடவையைப் பார்க்குது, அப்பால என் கடைப்பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டுது.

— காட்டட்டும். ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. பொடவையைப் பிரிச்சுப் போட்டு வெலை சொல்றீங்க. கஸ்டமர் கொட்டாவி விட்டா இன்னா அர்த்தம்?

— வெலை தாங்கலன்னு அர்த்தம்.

— உதட்டை நக்கினா?

— ஆசையும் இருக்குது, பயமும் இருக்குதுன்னு அர்த்தம்.

— ஒண்ணும் பேசாம முந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கினு இருந்தா?

— எழுந்து போவ வழி தேடறான்னு அர்த்தம். இது கூடத் தெரியாமலா முப்பது வருஷம் இந்த மெத்தையில உக்காந்துக்கினு இருக்கேன்?

— கஸ்டமர்கிட்ட தெரியறது நாய்கிட்ட தெரியலியே மொதலாளி. நவாப் கொட்டாவி விட்டதும், மூக்கை நக்கினதும், புல்லை மோந்ததும் அதேதான். திமிரு இல்ல. அதுக்கு வெலை தாங்கல.

— கூட்டத்தைப் பார்த்து மெரண்டுதுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். கோழை நாயி, போவட்டும்.

— கூட்டமா? வைகாசித் திருவிழாவுல நான் இன்னா பண்ணேன்னு மறந்துட்டீங்களா? மொத நாள் ஊருக்கு வெளிய செவிலிமேட்டு ரோட்டுல, மேளம் லேசாக் காதுல விழற தூரத்துல நின்னோம். உக்காருன்னேன், உக்காந்துது, ஒரு துண்டு கறி. மறுநாள் ஒரு தெரு கிட்டப் போனோம். அதுக்கு மறுநாள் இன்னொரு தெரு. பயந்தா ஒரு தெரு பின்னாடி வந்துடுவோம். தேர் அன்னிக்கி அத்தினி ஜனம், வேட்டு, மேளம். இது என் காலாண்ட தூணு மாதிரி உக்காந்திருந்துது. கூட்டம் இன்னா பண்ணும் அதை?

— உங்கிட்ட உக்கார்ற நாயி எங்கிட்ட ஏன் உக்கார மாட்டேங்குது? சோறு போடறது யாரு?

— சோறு நீங்கதான். ஆனா நான் ஒரே தபா சொல்லிட்டுக் காத்திருப்பேன். நீங்க மொத தபா சொல்றது சொல்ற வெலை. ரெண்டாவது கொறைச்ச வெலை. மூணாவதுதான் குடுக்கற வெலை. ஆறு மாசமா நான் கேட்டுக்கினுதானே இருக்கேன். நவாப் வா. வாபா. வர்றியா இல்லியாடா. மூணாவதுக்குத் தவறாம வருது. உங்க கடையில வளர்ந்த நாயி மொத வெலைக்கு ஒத்துக்குமா? பேரம் கத்துக்கிச்சு.

— யாருகிட்ட கதை வுடறே. நாயாவது, பேரமாவது.

— நேத்து அதுக்கு இன்னா ஆச்சுன்னு நெனச்சுப் பாருங்க. வட்டத்துல ரெண்டாவது தபா சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லிட்டு மூச்சைப் புடிச்சுக்கினு நின்னீங்க. கை நடுங்கிச்சு. அந்த நடுக்கம் தோல்வாரு வழியா அதும் கழுத்துக்கு எறங்கிச்சு. துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசற மாட்டுத் தரகனுக்கு எதிராளி கை நடுங்கினா தெரியாதா? நவாப்புக்குத் தெரிஞ்சுது. மொதலாளி எதுக்கோ பயப்படறாரு, அது நமக்கும் ஆவாதுன்னு நெனச்சிருக்கும். கொட்டாவி விடாம அது வேற இன்னா பண்ணும்?

— சரி, நீ சொல்றதே நெசம்னு வெச்சுக்குவோம். வைத்தியம் இன்னா? சொல்லு பார்ப்போம்.

— போணி.

— இன்னாது?

— காலைல மொத கஸ்டமரை வெறுங்கையோட அனுப்புவீங்களா?

— மாட்டேன். அடக்க வெலைக்காவது குடுத்து அனுப்புவேன். போணி தட்டிப் போனா நாள் பூரா தட்டிப் போவும்.

— நாய்க்கும் அதேதான். எழுந்ததும் நல்லாத் தெரிஞ்ச வேலை ஒண்ணு குடுங்க. செஞ்சதும் தட்டிக் குடுங்க. செயிச்சுட்டோம்னு அதுக்குத் தோணணும். அப்பால கஷ்டமானது ஒண்ணு. முடிக்கறப்போ மறுபடியும் சுலபம். தோத்துப் போய்த் தூங்கக் கூடாது. நீங்க கப்பு அவசரத்துல, அதுக்கு வராத வேலையாப் பார்த்து மொதல்ல வெச்சீங்க. தெனமும் போணி தட்டிப் போச்சு.

— வைத்தியம் நாய்க்கா எனக்கா?

— நாய்க்கு முடிஞ்சுது மொதலாளி.

— வாயி நீளுது உனக்கு.

— இப்ப ஒண்ணு பண்ணுங்க. லாரி வர்றதுக்குள்ள, வாசல்ல கட்டியிருக்கற நவாப்பைப் பார்த்து உக்காருன்னு ஒரே தபா சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. உக்காந்துட்டா லாரி காலியாப் போவட்டும்.

— உக்காரலன்னா?

— உக்காரும். மொத மொதல்ல கொஞ்சம் நேரமாவும். நீங்க பேசாம காத்திருக்கணும். அதான் கஷ்டம்.

— இது ஒரு கஷ்டமா? யாருகிட்ட சொல்றே. நவாப், உக்காரு. பார்த்தியா, பார்க்குது. என் மூஞ்சில இன்னா சினிமாவா ஓடுது? உக்காருடா.

— ரெண்டு.

— அது உங்கிட்ட சொன்னது.

— நான் அப்பவே உக்காந்துட்டேன் மொதலாளி.

— சரி, மறுபடி. நவாப், உக்காரு. ம். ம்ம். இந்த ம் கணக்குல வருமா?

— இருமினாலும் வரும்.

— வாயை மூடிக்கினு இருக்க நான் இன்னா ஜவுளிக்கடை பொம்மையா? வியாபாரி ஒரு வார்த்தை சொல்லிட்டு சொம்மா இருந்தா கஸ்டமர் எதுத்த கடைக்குப் போயிடுவான்.

— வீட்டுல அம்மா சோறு ஆறுதுன்னு ஒரே தபாதான் சொல்றாங்க. பொடவையை மடிக்காம போட்டுட்டு ஓடறீங்களே.

— என் வீட்டுக்காரி ரேணுகாம்பாளை இதுல இழுக்காதே. அது வேற டிபார்ட்மெண்டு.

— ஐயா, அர்ஜுனன் ஐயா கடை இதானுங்களா? வாலாஜாபாத் மில்லு லாரி, டிரைவர் பழனி. நாயி ஒண்ணு ஏத்திக்கினு வரச் சொன்னாரு எங்க மொதலாளி. கொஞ்சம் சுருக்கா ஆவட்டும். தெருவை அடைச்சுக்கினு நிக்கறேன், பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கறான்.

— மொதலாளி, இன்னும் ஒரு மாசம் குடுங்க. எனக்கு சம்பளம் கூட வேணாம்.

— வேணாம் அந்தோணி. அங்க பாரு, சீனிவாசன் வாசலுக்கே வந்துட்டான், கப்பைத் தொடைச்சுக்கினு. இந்த நாயி இங்க இருக்கற வரைக்கும் அவன் தொடைப்பான். சங்கிலியை அவுத்துடு. பழனி, பின் கதவைத் தொற. நவாப், ஏறு.

— அட, ஒரே தாவு. இன்னா ஐயா, பேச்சு கேக்காத நாயின்னு சொன்னாங்க. எங்க வீட்டுப் புள்ளைங்க கூட இப்புடிக் கேக்காதுங்க.

— அந்தோணி.

— பார்த்தேன் மொதலாளி.

— ஒரே தபாதான் சொன்னேன்.

— ஒரே தபாதான். கொஞ்சல் இல்ல, கத்தல் இல்ல, நடுக்கம் இல்ல. இதான் கடைசி வெலைன்னு கொரல்லயே இருந்துச்சு. அதுக்குப் புரிஞ்சுது. ஆறு மாசத்துல மொத மொதல்ல உங்களுக்கு அந்தக் கொரல் வந்துது, அதுவும் போன்னு சொல்றதுக்கு வந்துது.

— பழனி, கதவை மூடாதே. நாயை எறக்கணும்.

— ஏத்தின கையோட எறக்கணும்ன்றீங்களே ஐயா. நாயில்லாம வராதேன்னு எங்க மொதலாளி சொல்லியிருக்காரு. சரி, நீங்க கூப்புட்டு எறங்கிச்சுன்னா உங்க நாயி. எறங்கலன்னா மில்லு நாயி. இஞ்சினை நிறுத்த மாட்டேன், நிறுத்தினா மறுபடி தள்ளித்தான் கெளப்பணும்.

— நான் மேல ஏறிப் புடிச்சுக்கினு வரட்டுமா மொதலாளி?

— தொடாதே. நீ எறக்கினா அது உன் நாயி. நான் சொல்லி எறங்கணும். சீனிவாசன் பார்க்கணும். ஒரே தபா. நவாப், எறங்கு கண்ணு.

— கொரல் கொழையுது மொதலாளி. பழைய கொரலு. அது அங்க உக்காந்துக்கினு மீதி வெலைக்குக் காத்திருக்குது.

— காத்திருக்கட்டும். நானும் காத்திருக்கேன். நீதானே சொன்னே.

— சொன்னேன். அப்போ லாரி இல்ல.

— டைம் ஆவுது ஐயா. கியர் போடறேன்.

— போடட்டும். இன்னொரு வார்த்தை வராது எங்கிட்டேந்து. அர்ஜுனன் ஒரே வெலைக்காரன்னு இந்தத் தெருவே பார்க்கட்டும்.

— வண்டி நவுருது மொதலாளி. உங்க வாயையே பார்த்துக்கினு கொட்டாவி விடுது. கப்பு எதுத்த கடையிலயே இருந்துட்டுப் போவட்டும், நான் இதுவரைக்கும் சொன்னது பூராவும் தப்பு. வாயைத் தொறங்க. ரெண்டாவது தபா சொல்லுங்க, மூணாவது தபா சொல்லுங்க. பேரம் பேசுங்க மொதலாளி.