கரியின் காந்தமா, இடுக்கியின் காந்தமா?

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் பேராசிரியரின் கணவரே, மகளே! ஒரே ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு அவரோடு சண்டை போட்டவன் என்ற ஒரே தகுதியில் உங்கள் முன் நிற்கிறேன்.

பேராசிரியர் அம்மையாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் என்ன? ‘செலோடேப் அம்மா’! பென்சில் கரியை டேப்பில் ஒட்டி, உரித்து, மறுபடி உரித்து, ஒற்றை அணு கனமுள்ள ஏடாக்கிவிடுவார். வீட்டில் ஒரு பொட்டலம் ஒட்டக்கூட டேப் மிஞ்சாது என்று கணவர் புலம்புவார். அப்படிப்பட்ட இரண்டு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, லேசாகக் கோணம் திருப்பி வைத்தால் என்ன ஆகும்? தலைதெறிக்க ஓடும் எலக்ட்ரான்கள் நிதானப்படும். கடுங்குளிரில் ஒன்றையொன்று கவனித்து, எல்லாம் ஒரே பக்கம் திரும்பிக்கொள்ளும். இரும்பே இல்லாத கரியில் காந்தம் பிறக்கும்! அந்தக் குவாண்டம் நிலையைத் தேடித்தான் அவர் வாழ்ந்தார்.

ஒருநாள் கருவியின் திரையில் காந்தத்தின் அடையாளம் தெரிந்தது. துள்ளிக் குதித்தோம். நான் கேக் வாங்க ஆளையே அனுப்பிவிட்டேன். அம்மையார் மட்டும், ஏட்டை எடுத்துவைத்த மாணவரிடம் கேட்டார்:

“ஏம்ப்பா, இதை எதால புடிச்சு எடுத்த?”

“இடுக்கியாலதான், மேடம்.”

“இரும்பு இடுக்கியா? அப்ப இது கரியோட காந்தமா, இடுக்கியோட காந்தமா?”

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பிளாஸ்டிக் இடுக்கியால் மறுபடி செய்தோம். காந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! இடுக்கி உதிர்த்த இரும்புத் தூசிதான் எங்களை ஏமாற்றியிருந்தது. அந்த மாணவரின் முகம் தொங்கிப் போயிற்று. “விடுப்பா, வெளிய சொல்றதுக்கு முன்னாடியே மாட்டிக்கிச்சே, அதுக்குத்தான் இந்த கேக்கு” என்று அம்மையார் முதல் துண்டை அவருக்கே வெட்டிக் கொடுத்தார்.

அவர் மறைந்த வாரத்தில், புதிய ஏடு ஒன்றில் காந்தம் போல ஏதோ தெரிந்தது. ஆம், பிளாஸ்டிக் இடுக்கிதான்! அதை இன்று அவருடைய கண்டுபிடிப்பாக அறிவித்துவிடலாமே என்று சிலர் நல்ல மனதோடு கேட்டார்கள். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? மகளிடம் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: “நாளைக்கு அது தப்புன்னு ஆச்சுன்னா, பதில் சொல்ல அம்மா இருக்க மாட்டாங்களே, அங்கிள்.”



ஆகவே, இன்று எதையும் அறிவிக்கப் போவதில்லை. இன்னொரு ஏட்டை உரிப்போம். இன்னொரு முறை குளிர வைப்போம். காந்தம் இருந்தால் முதல் பெயராக அவர் பெயரை எழுதுவோம். இல்லையென்றால், இல்லை என்று இதே மேடையில் ஏறிச் சொல்வோம். மகளே, உன் அம்மா பெயரில் வெளிவரும் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்!