சடையப்பன் தேடிய செம்மண்

ஒரு சின்னச் சம்பவம் சொல்லட்டுமா? எனக்குக் கோவையாகப் பேச வராது. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்... குழப்பினால் நிறுத்திவிடுங்கள்.

பஸ் வளைவில் வேகமாகத் திரும்பினால் நாம் எந்தப் பக்கம் சாய்வோம்? வெளிப்பக்கம்தானே? ஆற்றுத் தண்ணீரும் அப்படித்தான். வளைவின் வெளிக்கரையில் மோதி அரிக்கும். உட்கரையில் நடை தளர்ந்து, சுமந்து வந்த மண்ணை இறக்கிவிடும்.

அப்படி ஒரு வளைவு. வெளிக்கரையில் சடையப்பனின் தென்னந்தோப்பு. எதிரே உட்கரையில் அவர் மனைவியின் தம்பி அய்யாக்கண்ணுவின் வெள்ளரித் தோட்டம். ஒவ்வொரு வெள்ளத்திலும் இவருக்கு மரம் சாயும். அவருக்கு நிலம் வளரும். சடையப்பனின் மகளுக்கும் அய்யாக்கண்ணுவின் மகனுக்கும் பரிசம் போட்டாயிற்று. அந்த வருஷ வெள்ளம் வடிந்தது... சடையப்பன் என்ன செய்தார்? கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்!

"என் மண்ணைத் தின்னு கொழுத்தவன் வீட்டுக்கு என் பொண்ணா? முதல்ல மண்ணைத் திருப்பிக் குடுறா!"

"நானா மாமா வரச் சொன்னேன்? வண்டி கட்டிட்டு வந்து அள்ளிக்குங்க!"

கோபத்தில் நிஜமாகவே வண்டி கட்டிப் போய்விட்டார். மண்வெட்டியை ஓங்கினார்... ஒரு வெட்டு... இன்னொரு வெட்டு... நின்றுவிட்டார். வந்ததெல்லாம் கறுப்பு வண்டல். அவர் தோப்போ செக்கச்செவேலென்ற செம்மண்!

"மாப்ளே... இது என் மண் இல்லையேடா?"

"அப்போ உங்க மண்ணு எங்க மாமா?"

எங்கே? சண்டை போட்ட இருவரும் சேர்ந்து, சடையப்பனின் கரைக்குத் திரும்பி, ஆறு போகும் திசையில் தேடி நடந்தார்கள். அடுத்த வளைவில் ஆறு மறுபக்கம் திரும்புகிறது. இப்போது இவர் கரைதான் உட்கரை. அங்கே... சிவந்து கிடந்தது ஒரு மண்திட்டு! அதில் பவுனம்மா என்றொரு பெண் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மண்ணு ஏதும்மா?"

"ஆறு குடுத்ததுங்க. முன்னெல்லாம் இங்க கோரைகூட முளைக்காது. அதான் முதல் காயை ஆத்துல விட்டு, 'அனுப்புனவுக நல்லா இருக்கணும்'னு கும்பிடுவோம். அவுக யாருன்னுதான் தெரியல."

"அனுப்பலம்மா, பறிகொடுத்தேன்" என்று சொல்ல வாய் எடுத்தார் சடையப்பன்... சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது கேட்டார்:

"மாப்ளே, உன் கறுப்பு மண்ணு யாரோடது?"

"மேல் வளைவுல, என் கரையில யாரோ இழந்ததா இருக்கும் மாமா."

"போய்ப் பாரு. முதல் பத்திரிகை அந்த ஆளுக்கு. அப்புறம்தான் கல்யாணம்!"

பெரும்பாலும் மண் இப்படித்தான் போகும் என்று படித்திருக்கிறேன். எல்லா ஆற்றுக்கும் சொல்ல எனக்குத் துணிவில்லை. மனிதருக்கும் அப்படியே. ஆனாலும் கேட்கிறேன்... எதிரே இருப்பவன்தான் எடுத்தான் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? கண்ணுக்கு நேரே இருக்கிறான் என்பதைத் தவிர வேறு சாட்சி இருந்ததா? கரையோடு கொஞ்சம் நடந்து பார்த்தோமா? நாம் இழந்தது எங்கோ காய்த்திருக்கலாம். நாம் நிற்கிற மண்ணை இழந்தவர் ஒருவர் மேலே இருப்பார்...

அவருக்குப் பத்திரிகை வைத்தோமா?